ஒன்றுக்கு அறுபத்து நான்கு

எங்கள் தீவில் புயல் கிடையாது.
வெஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடல்
கணுக்காலோடு நின்றுவிடும்.
தூரத்தில் கப்பல்கள்
வண்டி நிறுத்துமிடம்போல் வரிசையாய்.
அதனால் நாங்களே செய்துகொள்கிறோம்,
கெண்ட் ரிட்ஜ் சரிவில், கூரைக்குக் கீழே,
குளோரின் மணக்கும் நன்னீரில்,
செவ்வாயும் வியாழனும்,
நூறாண்டுக்கு ஒருமுறை வரும் புயலை.

ஒன்றுக்கு அறுபத்து நான்கு.
இந்த விகிதத்தில் காலம் எட்டில் ஒன்றாகும்:
மூன்று மணி நேரச் சூறை
இருபத்திரண்டரை நிமிடத்தில் முடிந்துபோகும்,
பையில் தொங்கும் கோப்பி ஓ ஆறுவதற்குள்.
எடை அப்படியல்ல.
தொட்டியில் ஒரு கிராம் இழுத்தால்
அங்கே கால் டன்னுக்கு மேல்.
உப்பில்லாத குறைக்கு
இரண்டரைச் சதவீதம் சேர்த்துக்கொள்வோம்.
கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள்.
எவ்வளவு போகாது என்பதை
மூன்று தசம இடத்துக்குச் சொல்லும் உத்தியோகம் எனக்கு.

ஹைருல் முக்குளித்துப் போய்ப்
பன்னிரண்டு நங்கூர வடங்களையும் மாட்டிவிட்டு
மூக்கைச் சிந்திக்கொண்டே ஏறி வருவான்.
சியூ லிங், யாரும் கேட்காமல்,
மிதவையின் மேல்தளத்தில் ஆட்களை ஒட்டியிருந்தாள்:
ஆரஞ்சு நிறம், இரண்டே முக்கால் சென்டிமீட்டர்,
பதினொரு பேர்.
படத்தில் அளவு தெரியட்டும் என்றாள்.
அவர்களில் ஒருவன் கையைத் தூக்கியிருந்தான்.
அழைக்கிறானா, நிறுத்தச் சொல்கிறானா
என்று அவளுக்கே தெரியாது.

முப்பத்தொன்றாம் சோதனை.
ஏழாம் வடம் அறுந்தால் என்னாகும்?
அறுத்துவிட்டுப் பார்ப்பது.
துடுப்புப் பலகைகள் மூச்சு வாங்கின.
பதினான்காம் நிமிடம்
மூன்று அலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தன,
அவசரத்தில் ஒரே வாசலில் நுழைகிறவர்கள் மாதிரி.
தளத்தின் அடிவயிற்றில்
ஈரத்துணியைக் கல்லில் அறைந்த சத்தம்.
திரையில் கோடு
மேல்விளிம்பைத் தாண்டிக் காணாமல் போனது.

திரு. ஹௌகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
உணரி பொய் சொல்லியிருக்கலாம்,
இன்னொருமுறை ஓட்டுங்கள்.
ஓட்டலாம்.
ஆனால் தண்ணீருக்கு
நடந்ததை மறக்க இருபது நிமிடம் வேண்டும்.
அதற்குமுன் எழுப்பினால்
பழைய அலையும் புதியதோடு சேர்ந்துகொள்ளும்.
மனிதர்களுக்கு இதற்கு ஒரு கணக்கு
இதுவரை நான் பார்க்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் சியூ லிங் எண்ணினாள்.
பத்து.
திரும்ப எண்ணினாள்.
கை தூக்கியவன் இருந்த இடத்தில்
பசை மட்டும், பளபளவென்று.

இரண்டாம் ஓட்டம்.
அதே விதை எண், அதே பதினான்காம் நிமிடம்,
அதே அறை.
தளம் உயர வேண்டும், என்றேன்.
எவ்வளவு?
இங்கே இரண்டு சென்டிமீட்டரும் சொச்சமும்.
அங்கே ஒன்றரை மீட்டர்.
எத்தனை டன் எஃகு, எத்தனை மில்லியன் என்று
அவர் உதடு பெருக்கிக்கொண்டிருந்தது.
நான் வேறு ஒன்றைக் கவனித்துவிட்டேன்:
ஓர் ஆளின் உயரத்துக்குக்
கொஞ்சம்தான் குறைவு.

அறிக்கையில் 'கவனித்தவை' என்று ஒரு கட்டம் உண்டு.
வழக்கமாகக் கோடு போட்டு விட்டுவிடுவோம்.
அன்று எழுதினேன்:
சோதனைக்கு முன் மேல்தளத்தில் பதினொருவர்.
பின், பதின்மர்.
மேலாளர் அழைத்துக் கேட்டார்,
பொம்மைகள் ஒப்பந்தத்தில் இல்லையே.
இல்லைதான். நீக்குவதானால் நீங்களே நீக்குங்கள்,
என் கையெழுத்தையும் சேர்த்து.
போன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

தொண்ணூற்றைந்தாம் எண் பேருந்தில் மழை.
ஜன்னலில் வழியும் ஒவ்வொரு துளியும்
தன் அளவுக்குத் தானே உண்மை;
யாரும் அதைப் பெருக்கவில்லை.

வியாழனன்று வடிகட்டியைக் கழுவும்போது
ஹைருல் கண்டெடுத்தான்.
கை இன்னும் தூக்கியபடி.
திரும்ப ஒட்டிவிடவா, அக்கா?

தளம் உயரட்டும், என்றேன்.