வரிசை

சனி இரவு, யீஷூன், பதினோராம் மாடி.
முகாமிலிருந்து வந்து இருமுறை குளித்தும்
காதுமடலுக்குப் பின்னால் பச்சைச் சாயம்.
திரை கேட்கிறது:
ரோமனா, கெல்ட்டா?

ரோமனைத் தெரியும்,
பொன்னைக் கொட்டி மிளகு அள்ளிப்போன யவனன்.
கெல்ட்டுக்குத் தமிழில் ஒரு பெயர்கூட இல்லை.
கேடயம் உள்ளவன்தான் பிழைப்பான் என்கிறான்
ஹெட்செட்டில் ஜுன் காய்.

ஐந்து நாளாய் ‘கிரி, கானான்’ கேட்ட கால்
மேசைக்கடியில் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறது.
போதும்.
முகத்தில் நீலம் பூசினேன்,
தலைமுடியைச் சுண்ணாம்பில் விறைக்கவிட்டேன்.

பனிக்காட்டில் கூச்சலிட்டு எல்லோரும் பாய,
நான் மட்டும்
பக்கத்தில் ஆள் நிற்கிறானா என்று பார்த்து,
கை நீட்டி இடைவெளி அளந்து
நின்றேன்.

முதல் ஈட்டி எனக்கு.