பதினேழாம் பெட்டி

கூட்டுறவுக் கடைக்குப் பின்னால்
ஊர்ப்பொது உறைகிடங்கு இன்றோடு மூடல்.
அவரவர் பெட்டியை அவரவர் காலி செய்கிறார்கள்.
போன கோடையின் விலாங்கு, மான் தொடை,
யாருடைய கல்யாணத்திலோ மிஞ்சிய ரொட்டி.
புதைக்க மனமில்லாமல் ஹோல்கர் வைத்திருந்த
நாய்கூட வெளியே வந்துவிட்டது.

நான் கணக்கு எழுதுபவன்.
நாற்பத்தொரு பெட்டிகள், நாற்பது பெயர்கள்.

திஸ்டெட் காவல் நிலையத்துக்கு
பெயரில்லாக் கடிதம் ஒன்று போயிருந்தது.
எழுத்து யாருடையது என்று கேட்டாள் ராக்னில்.
தெரியாது என்றேன்.
கணக்கு எழுதுபவனுக்குக் கை நடுங்காது.

நகரத்துக் காலணியில் பனிச்சேறு அப்பியிருக்க
பேரேட்டை விரலால் வருடிக்கொண்டே வந்தவள்
பதினேழில் நின்றாள்.
பெயர் இல்லை. வாடகை பாக்கியும் இல்லை.
இருபத்தெட்டு வருடம்,
வருடத்துக்கு ஒரு கையெழுத்து.
போதகரின் சாய்வு, மருத்துவச்சியின் அவசரம்,
வாத்தியாரின் கோடு தாண்டாத உருண்டைகள்.
ரொட்டிக்கடை டோர்வால்ட்
பெருக்கல் குறி மட்டும் போட்டிருந்தார்.

"இது யாருடையது?"

மீன்பிடி ஊரில் கேள்விக்குக் காது மந்தம்.
யாரோ காபி ஊற்றினார்கள்.
யாரோ காற்று திசை மாறியதைச் சொன்னார்கள்.

எவால்டின் படகு மூடுபனியில்
தனியாகத் திரும்பியது என்பது நாங்கள் சொன்ன கதை.
அது உண்மையும்கூட.
படகு தனியாகத்தான் திரும்பியது.

அதற்கு முன் மூன்று முறை
அல்மா படியில் விழுந்தாள்.
டாக்டர் எழுதினார்: படியில் விழுந்தாள்.
நாங்கள் தலையாட்டினோம்: படியில் விழுந்தாள்.
அவள் வீட்டுக்கு மாடி கிடையாது.
வாசலிலும் ஒரே ஒரு கல்.
அந்த ஒரு கல்லைத்தான் ஊர் கூடி
மூன்று முறை படிக்கட்டாக்கினோம்.

நான்காம் முறை அவள் விழவில்லை.

அன்றிரவு அவள் சமையலறையில் எட்டுப் பேர்.
யார் முதலில் பேசினார்கள் என்பது நினைவில்லை,
கெட்டில் கத்தியது நினைவிருக்கிறது.
மற்றதையெல்லாம் ஃபியோர்டு வாங்கிக்கொண்டது.
அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்:
அந்த வலது கை
எங்கே இருக்கிறதென்று தெரிந்தால்தான்
எனக்குத் தூக்கம் வரும்.

சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது.
மூன்று மேசை இழுப்பறைகளில் தேடினேன்.

ராக்னில் திறந்தாள்.
வெண்புகை அடங்கியதும்
பழுப்புக் கம்பளிக் கையுறை ஒன்று,
ஐந்து விரலும் விரிந்து,
உள்ளே இன்னும் ஆள் இருப்பதுபோல்.
யாரும் தொடவில்லை.
வெறும் கம்பளி பனியில் விறைத்ததாகவும் இருக்கலாம்.
இருக்கலாம்.

அல்மா கூட்டத்தில்தான் நின்றிருந்தாள்,
செர்ரிப் பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி.
அது உருகி மேல்கோட்டில் இறங்குவதை
யாரும் அவளிடம் சொல்லவில்லை.
சொல்லாமலிருப்பதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு.

ராக்னில் மறுபடி பேரேட்டுக்குப் போனாள்.
முதல் வருடம். முதல் கையெழுத்து.
அந்தத் தாளைக் கிழித்திருக்கலாம்,
ஒரு வாரம் அவகாசம் இருந்தது.
அன்றைக்கு ஊர்க் காவலராக இருந்தவர்
ஒன்பதை வால் மடங்காமல் எழுதுவார்.
இன்று காலை இவள் தேதி போட்டபோது
பக்கத்தில் நின்று பார்த்தேன்.
அதே ஒன்பது.

வெகுநேரம் கம்ப்ரசர் மட்டும் பேசியது.
பிறகு எலக்ட்ரீஷியன் அதையும் நிறுத்தினான்.
அறுபது வருடத்தில் முதல்முறையாக
அந்தக் கட்டடத்தில் எங்கள் மூச்சு
எங்களுக்கே கேட்டது.
சுவரில் எங்கோ முதல் சொட்டு.

அவள் பெட்டியைச் சாத்தினாள்.
ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தாள்.
"கரன்ட் போயாச்சு" என்றாள்.
"இனி இதை நாம் எங்கே வைப்பது?"

நாம்.

போதகர் அவளுக்கு
ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.