பதினோரு வாளி

ஒரு மணியோடு நின்றால் மீன் உண்டு.
இரண்டென்றால் வலை காலி.
காசில்லாத பேச்சு
எனக்கும் லிம்பானிக்கும்.

இன்று அடித்துக்கொண்டே இருந்தது.
முடிவெட்டும் கடையில் இருநூறு குவாச்சாவுக்குச்
சார்ஜ் ஏற்றிய போன்,
ஒரே கோடு மிச்சம்.
எடுத்தேன்.

"ஏரி ஏமாற்றிவிட்டது எனெலேசி,
ஒரு உசிபாகூட இல்லை."

அவனுக்குப் பின்னால்
சரசரவென்று வாளி கவிழ்கிறது.
ஆறு, ஏழு என்று எண்ணுகிறாள்
லிலோங்வே லாரிக்கு வாங்கும் ஃபைனெஸ்.

நான் வைக்கவில்லை;
ஓடுவது அவன் பாலன்ஸ்.
காற்றை விசாரித்தேன்,
இஞ்சினை,
அவன் மனைவியின் பல்வலியை.
பதினொன்றில் எண்ணிக்கை நின்றது.

"வலைக்கு நான் தந்த முன்பணத்துக்குப்
பதினொன்றில் மூன்று வாளி.
எடுத்து வை, வருகிறேன்."

கேட்டானா, தெரியாது.
திரை கறுத்திருந்தது.
கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டேன்.