நீடாமங்கலம் கேட்டில் இருபத்தாறு நிமிடம்

நெல் மூட்டை வேகன்களை
முன்னே தள்ளி, பின்னே இழுத்து,
இன்ஜின் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.
கேட் விழுந்து கிடக்கிறது.
என் சைக்கிளில் செயின் கழன்று தொங்குகிறது.
பையில் பதினோரு பதிவுத் தபால்,
நாலு பேருக்கு முதியோர் பணம்,
கையெல்லாம் கரி.

அவ்வளவுதான்.
செயின் கழன்ற சைக்கிளைப் பார்த்துவிட்டு
சும்மா நிற்கத் தெரியாது இந்த ஊருக்கு.

"செயின்ல ஒண்ணுமில்ல.
பிரீவீல் பல்லு தேஞ்சிருக்கும்" என்றார் குஞ்சிதபாதம்.
பக்கத்துக்கு ஒரு பால் கேனாய்
தராசு மாதிரி நின்றது அவர் வண்டி.
குனிந்துகூடப் பார்க்கவில்லை.
அவருக்குப் போன மாசம் போனது பிரீவீல்.

மீன்பெட்டி சவரிமுத்து சிரித்தார்.
"ஐஸ் தண்ணி சொட்டுனா செயின் ஆறு மாசம்.
உப்புத் தண்ணி சொட்டுனா மூணு.
நான் எந்தச் செயினையும் நம்புறதில்ல.
நம்பாம வாங்கிப் போடுறேன்,
அது பாட்டுக்கு ஓடுது."

கூத்தாநல்லூரிலிருந்து உடம்பு இளைக்க வரும்
ஜெகபர் அலியிடம் இருபத்தோரு கியர்.
இந்தப் பக்கம் மேடு என்றால்
வெண்ணாற்றுப் பாலம் ஒன்றுதான்.
சட்டைப்பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து
என் செயினுக்குள் நுழைத்துப் பார்த்து
"நீண்டு போச்சும்மா" என்றார்.
"எத்தனை டிகிரி காய்ச்சல்?"
குஞ்சிதபாதம் கேட்டார்.
ஜெகபர் அலிக்குக் கோபம் வந்தது.
மலேசியாவிலிருந்து வந்த தகடு அது.

யூனிபாரம் போட்ட ஸ்டெல்லா
அரசாங்க சைக்கிளின் மேல் சாய்ந்தபடி,
"அறுபது வண்டி ஒரே லாரியில வந்துச்சு.
என்னோடதுல ஒண்ணும் ஆகல.
பக்கத்துல நின்னது
வீட்டுக்குப் போறதுக்குள்ள பெடலைப் போட்டுருச்சு"
என்றாள், ஹால் டிக்கெட் நம்பர் பற்றிப் பேசுவதுபோல.

பேச்சு எண்ணெய்க்கு வந்தது. அப்புறம் சண்டை.
கரி ஆயில் போட்டால்
ஆற்று மணலை விருந்துக்குக் கூப்பிடும்.
தேங்காய் எண்ணெய் போட்டால் எறும்பு.
ஒன்றுமே போடாவிட்டால்
தெருமுனையில் திரும்பும்போதே
நாய்க்குத் தெரிந்துவிடும் தபால் வருகிறதென்று.
(இது நான் சொன்னது.)

ஒன்றே ஒன்றில் ஒத்துப்போனார்கள்:
தை மாதம் ரோட்டில் காயும் வைக்கோல்
ஒரு பிரி உள்ளே போனால்
எந்தக் கம்பெனி பல்சக்கரமும்
மாடு மாதிரி நின்றுவிடும்.

என்னைக் கேட்டால்,
யாரும் கேட்கவில்லை,
இலாகா கொடுக்கும் சைக்கிள் படியில்
செயின் வாங்கலாம், பிரீவீல் வாங்க முடியாது.
அதனால் பதிமூன்று வருஷமாய்
எனக்குச் செயினில்தான் கோளாறு.

இன்ஜின் ஒருவழியாய்த் தஞ்சாவூர்ப் பக்கம் போனது.
கேட் எழுந்தது.
பால் போனது, மீன் போனது, ஸ்டெல்லா போனாள்.
பாலத்து மேட்டில்
ஒவ்வொரு கியராய் மாற்றி மாற்றி
ஜெகபர் அலியும் போனார்.

செயினை ஏற்றி, ஏறி மிதித்தேன்.
டக்.
இன்னொரு மிதி, டக்.
இறங்கி, வலது கிராங்கைப் பிடித்து ஆட்டினேன்.
காட்டர் பின்.
பாதி வெளியே வந்து
விரல்நகம் அளவு எட்டிப் பார்க்கிறது.
பல்சக்கரம் கோணிக்கொண்டு ஆட,
பாவம், செயின் எப்படி உட்காரும்.

தண்டவாளத்து ஜல்லி ஒன்றை எடுத்தேன்.
கேட்கீப்பர் வேறு பக்கம் பார்த்தார்.
நாலு அடி. உள்ளே போயிற்று.
ஒளிமதி தாண்டும்வரை தாங்கும்,
பூவனூரில் இன்னொரு கல் கிடைக்கும்.

நாளைக்கு விசாரிப்பார்கள்.
குஞ்சிதபாதத்திடம்
பிரீவீல்தாங்க என்பேன்.
ஜெகபர் அலியிடம் செயின் நீண்டது என்பேன்.
சவரிமுத்து கேட்கமாட்டார்.
கல்லைப் பையில் போட்டுக்கொண்டேன்,
பதிவுத் தபால்களுக்கு அடியில்.