வெள்ளைச் சோறு

மிச்சம் என்று ஓர் ஊர், லண்டனின் தெற்கே.
அங்கே எங்கள் கதவுத் துளையால் விழுந்தன
ஒரே அளவில் இரண்டு உறைகள்.
அவருக்கொன்று, எனக்கொன்று.
உள்ளே விரல் நீளக் குழாய்,
மூடியில் ஒரு குச்சி.

"மலத்தைத் தபாலில் போடுறதோ!
தபால்காரன் என்ன பாவம் செய்தவன்?"
குளிர்பெட்டியின் மேல் மூன்று கிழமை கிடந்தது
பரராஜசிங்கத்தின் மானம்.

நான்தான் கடுதாசியை வரி வரியாக வாசித்துச் சொன்னேன்:
நோவில்லை என்பதால் நோயில்லை என்றில்லை.
கண்ணுக்குத் தப்பின இரத்தம்
குச்சிக்குத் தப்பாது.

கடைசியில் ஒருநாள், இருட்டினபிறகு,
தொப்பி போட்டுக்கொண்டு போய்
இரண்டையும் போட்டுவிட்டு வந்தார்.
எங்கள் தெருப் பெட்டியில் அல்ல,
கொலியர்ஸ் வூட்டில்.

அவருக்கு ஒன்றுமில்லையாம்.
எனக்குத்தான் மறு கடிதம்.

தாதி ரொவீனா தொலைபேசியில் சொன்னாள்:
பெரும்பாலும் புற்றாக இருப்பதில்லை,
மூலமாகவும் இருக்கலாம்,
ஆனாலும் கமரா விட்டுப் பார்க்கவேண்டும்.
அந்த "ஆனாலும்"
இரவு முழுக்க என் பக்கத்தில் படுத்திருந்தது.

இப்போது வாசிப்பது அவர்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி:
"கீரை வேண்டாம். பயறு வேண்டாம்.
வெண்டிக்காய், தக்காளி விதை, தவிட்டுப் பாண்
ஒன்றும் வேண்டாம்.
வெள்ளைச் சோறு சாப்பிடலாம்."
நிறுத்தி, அதே வரியைத் திரும்பவும் வாசிக்கிறார்.
அவருக்குச் சீனி வருத்தம் வந்த பதினொரு வருடத்தில்
வெள்ளைச் சோற்றுக்குச் சம்மதித்த
முதல் வைத்தியக் கடுதாசி.

"அது எனக்கு மட்டும்தான்" என்கிறேன்.
"தெரியும்" என்றபடி
இரண்டு சுண்டு அரிசி கழுவுகிறார்.