வலது ஓரம்

நாற்பது யூரோ கடனுக்கு ஈடாக
விஸ்மா கொடுத்துவிட்டுப் போன பாட்டுப்பெட்டி.
உள்ளங்கை அளவு. மூலையில் ஒரு விரிசல்.
பெர்கனுக்கு மீன் வெட்டும் வேலைக்கு அவள் கிளம்பிய மறுநாள்
திரையின் வலது ஓரம் செத்துப்போயிற்று,
கட்டைவிரல் அகலத்துக்கு, மேலிருந்து கீழ்வரை.

லியபாயாவில் ஒரே ஒரு டிராம் தடம்.
கடைசி நிறுத்தத்தில் எனக்கு ஒன்பது நிமிடம்.
அதற்குள்தான் வைத்தியம்.

மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்தேன்.
குளிர்தான் காரணமென்று
அக்குளில் வைத்து அடைகாத்தேன்;
ஏறவந்த பெண், காய்ச்சலா என்றாள்.
சார்ஜர் செருகினால் பேய் பிடிக்கிறது:
யாரும் தொடாமல் பட்டியல் ஓடுகிறது,
சத்தம் ஏறி இறங்குகிறது,
எங்கே சுற்றினாலும் பதினேழாவது பாட்டில் போய் நிற்கிறது.
பிடுங்கினால் பேய் இறங்கிவிடும்.
ஓரம் மட்டும் எழுந்திருக்கவில்லை.

பணிமனை மின்காரர் குன்டார்ஸ்
கிட்டார் வில்லையால் அதன் முதுகைத் திறந்தார்.
உள்ளே செம்பு நிற ரிப்பன், பல்லியின் நாக்கு மாதிரி.
கழற்றி, ஊதி, மறுபடி செருகி
"இப்போ பார்" என்றார்.
பார்த்தேன்.
ஒரு திருகுதான் மிச்சம்.
சில்லறை தருவதுபோல் என் பையில் போட்டார்.

இனி எல்லாவற்றையும் அழித்து
பெட்டியைப் பிறந்தமேனியாக்குவது ஒன்றே வழி.
அது கேட்டது: எல்லாம் போய்விடும், சம்மதமா?
'இல்லை' இடப்பக்கம், உயிருள்ள கண்ணாடியில்.
'ஆம்' வலது ஓரத்தில்.
அழுத்தினேன். நகத்தால் தட்டினேன்.
எச்சில் தொட்டு வைத்தேன்.
இல்லை என்று மட்டுமே சொல்லத் தெரிந்த பெட்டி.

பதினேழாவது, பாட்டே அல்ல.
சேர்ந்திசை ஒத்திகைக்காக விஸ்மா பதிந்த
தன் ஆல்ட்டோ குரல். அது மட்டும்.
மெட்டு வேறு யாரிடமோ இருக்கிறது.
இவள் ஒரே சுரத்தில் நிற்கிறாள்,
மூச்சுக்கடியில் எட்டு எண்ணுகிறாள்,
இருமுகிறாள், மன்னிக்கவும் என்கிறாள்
(அந்தச் சமையலறையில் கெட்டில் தவிர யாருமில்லை),
மறுபடி அதே சுரம்.

நேற்று கையுறை கழற்றும்போது
பெட்டி பக்கவாட்டில் சரிந்தது.
திரையும் கூடவே திரும்பிக்கொண்டது.
செத்த ஓரம் மேலே போய்
கடிகாரமும் பேட்டரியும் இருக்கும் வரிசையில் படுத்துவிட,
'ஆம்' என் கட்டைவிரலுக்குக் கீழே வந்து நின்றது,
முழுசாக, உயிரோடு.

இத்தனை நாள் பாடு, ஒரு திருகு.
விடை இவ்வளவுதானா என்று
முதலில் கோபம்தான் வந்தது.

ஏழு நிமிடம் போயிருந்தது.
கண்ணாடியில் கடல்காற்று உப்பு அப்பிக்கொண்டிருந்தது.
கேள்வியை அப்படியே படுக்கவைத்து
சார்ஜரைச் செருகினேன்.
பேயே முடிவு செய்யட்டும்.
அடுத்த முனைவரை
அந்தப் பக்கம் திரும்புவதில்லை.
மணியடித்துக் கிளப்பினேன்.

மூன்றாவது நிறுத்தத்தில்
கோட்டெல்லாம் பேக்கரி மாவோடு ஏறியவர்
என் முதுகைப் பார்த்துச் சொன்னார்:
"இருமல் பலமா இருக்கே."