விசுவாசப் பிரிவு

எனக்குச் சம்பளம் தரும் மேசையின் பெயர்
விசுவாசப் பிரிவு.
விட்டுப் போகிறேன் என்பவர்களைப்
போகவிடாமல் பேசுவது வேலை.
முதல் வாக்கியம் எழுதித் தந்திருக்கிறார்கள்:
உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது.
புரியாவிட்டாலும்
அதுதான் முதல் வாக்கியம்.

பெப்ரவரிச் செவ்வாய், இரவு எட்டு நாற்பது.
தமிழுக்கு ஏழை அமுக்கி
ஒரு பெண் வந்தார்.
(ஏழை அமுக்கவும் என்று பதிவுக்குரல் சொல்லும்போது
சிரிப்பவர்களுக்கு என்ன பதில் என்று
பயிற்சியில் சொல்லித் தரவில்லை.)

மங்களரூபி சிவஞானசோதி.
ஸ்காபரோ. ஆஸ்பத்திரிச் சலவை அறையில் வேலை.
இந்த இரண்டாவதைத் திரை காட்டவில்லை,
பின்னால் உருளும் இயந்திரங்களை மீறிக்
கத்தித்தான் பேசினார்.

"நூற்றுப் பன்னிரண்டு டொலர் எழுபத்தாறு சதம், ராசா.
போன மாதம் நான் பேசினது மூண்டு பேரோடை.
அதிலை ஒருத்தி என்ரை சுப்பவைசர்."

வாக்கியத்தைச் சொன்னேன்.
"புரிஞ்சால் குறை" என்றார்.

மாதம் ஐந்து டொலர் தள்ளுபடி, ஆறு மாதத்துக்கு.
"ஏழாம் மாதம்?"

ஏழாம் மாதம் பற்றித்
திரையில் ஒன்றும் இல்லை.

ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது.
இருந்தும் குரலைத் தாழ்த்தினேன்:
அக்கா, வேறு கொம்பனிக்குப் போகிறேன் என்று
ஒருதரம் சொல்லுங்கள்.
அப்போதுதான் எனக்கு
அடுத்த தள்ளுபடி திறக்கும்.

"எங்கை போறது?
அங்கையும் நூற்றுப் பன்னிரண்டு.
மற்றதிலையும் அதே நூற்றுப் பன்னிரண்டு,
சதத்திலைதான் வித்தியாசம்.
ஒரே குட்டையிலை ஊறின மட்டை மூண்டும்.
வெருட்டுறதுக்காவது
நாலாவதாய் ஒருத்தன் வேணும் எல்லே?"

பதினொரு நிமிடம்.
அந்த வாரத்து என் சராசரி அதோடு போயிற்று.
வைக்கும் முன் கேட்டார்:
"உங்களுக்கு எவ்வளவு வருது, ராசா?"

ஊழியர் விலை. இருபத்திரண்டு டொலர்.
சொல்லவில்லை.
வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றேன்.

அந்த ராசாவை எனக்குத் தெரியும்.

மார்க்கம் வீதி பஸ் தரிப்பில்
மூன்று கிழமையாக நிற்கிறார்.
கழுத்தில் மட்டை, கையில் கையெழுத்துத் தாள்கள்.
கோபுரங்களை நியாய வாடகைக்குச்
சின்னக் கொம்பனிகளுக்கும் விடு என்று
ஒட்டாவாவுக்கு ஒரு மனு.
மட்டையில் தடித்த எழுத்தில்:

கூத்தாடி இரண்டுபட்டால்
ஊருக்குக் கொண்டாட்டம்.

கீழே ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்து
பாதியில் வெட்டியிருந்தார்.
பஸ்சுக்கு நின்ற பிலிப்பினோ தாதி
என்ன அது என்று கேட்க,
கூத்திலிருந்து தொடங்கி விளக்கி முடிப்பதற்குள்
இரண்டு பஸ் போனது.
தாதி போட்டுவிட்டுத்தான் போனாள்.

நான் மட்டும் ஒவ்வொரு நாளும்
வராத பஸ்சைப் பார்ப்பதுபோல்
முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை, சைபருக்குக் கீழே பத்தொன்பது.
நானாகவே போய்த் தாளை வாங்கினேன்.
முந்நூற்று நாற்பத்தொன்றாவது வரி.
பெயர். அஞ்சல் குறியீடு. தொலைபேசி இலக்கம்.
எங்கே வேலை என்று
நல்லவேளை கட்டம் இல்லை.

பேனை எழுதவில்லை. மை உறைந்திருந்தது.
தாள் கிழியும்வரை கீறிப் பார்த்தேன்.

"எழுதுதில்லை அக்கா" என்றேன்.

தலையைச் சரித்து
என் வாயையே பார்த்தார், கொஞ்ச நேரம்.
பிறகு கையுறைக்குள் விட்டுச்
சூடாக வைத்திருந்த இன்னொரு பேனையை எடுத்தபடி,
ஒவ்வொரு சொல்லாக,
மிக மரியாதையாகச் சொன்னார்:

"உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது."